நூறு ரூபாய்க்குப் போடும்மா

"நூறு ரூபாய்க்குப் போடும்மா," என்றார் பக்கீர் முகமது, குரலைத் தாழ்த்தி.

பெட்ரோல் பங்க்கில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற முனியம்மாவுக்குக் குரலைத் தாழ்த்தும் பழக்கம் கிடையாது.

"இன்னா பாய், இன்னிக்கும் நூறுதானா? காரு பாய் இது. ஸ்கூட்டிக்காரங்களே எரநூறுக்குப் போட்டுகினு போறாங்க."

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சிரித்தார். பக்கீர் முகமது சிரிக்கவில்லை. திரும்பிக் காருக்குள் பார்த்தார். முன் சீட்டில் சவுரிமுத்து செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்திருந்தார். பின் சீட்டில் தபீதாள் எதிர்ப்பக்கத்து டயர் கடையை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்க்குக்குள் நுழையும்வரை இருவரும் சத்தமாகப் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். பெட்ரோல் வாடை பட்டதும் ஒருவருக்கு நாட்டு நடப்பிலும் இன்னொருவருக்கு டயரிலும் அக்கறை வந்துவிடுகிறது.

விலைப் பலகையைப் பார்க்கக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் அவர் உள்ளே வருவார். கண் கேட்பதில்லை. நேற்றைவிட அறுபது காசு கூடியிருந்தது.

பக்கீர் முகமதுவுக்கு வீடு மாடம்பாக்கத்தில். வேலை, பொத்தேரியைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில். ஸ்டோர் கீப்பர். அங்கே அவர் பொல்லாதவர் என்று பெயர். ஒரு டப்பா சாக்பீஸ் வேண்டுமென்றாலும் துறைத் தலைவரின் கையெழுத்தோடு சீட்டு வர வேண்டும். பழைய டப்பா காலியானதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அப்பேர்ப்பட்டவர் சொந்தக் காரில் இரண்டு பேரை மூன்று மாதமாகச் சும்மா ஏற்றிக்கொண்டு போகிறார் என்றால் அதற்குக் காரணம், அவரே தன் வாயால் சொன்ன ஒரு சொல்.

இருபத்திரண்டு வருடம் ரயிலில் போனவர் அவர். தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியில் ஏறி, கல்லூரிப் பிள்ளைகளின் முதுகுப் பைகள் மூக்கில் இடிக்க, ஒற்றைக்காலில் நின்று போய் வந்தவர். போன வருடம்தான் பழைய வெள்ளைக் கார் ஒன்றைக் கடன் போட்டு வாங்கினார். முதல் நாள் ஜி.எஸ்.டி. சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் அதே ரயில் பிதுங்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியது. தனியாகத் தாங்காது, நாலு பேர் சேர்ந்து போனால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று யோசித்து அவரேதான் இருவரையும் அழைத்தார். சவுரிமுத்து, அதே கல்லூரியின் இயற்பியல் ஆய்வக உதவியாளர், வீடு சேலையூர். தபீதாளுக்கு நூலகத்தில் வேலை. கேம்ப் ரோட்டில் ஏறுவாள். இரண்டும் போகிற வழிதான்.

முதல் மாதச் சம்பளத்தன்று சவுரிமுத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றை நீட்டினார்.

நம் ஊரில் பணம் கொடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒருவர் நீட்ட வேண்டும். மற்றவர் 'சேச்சே, என்ன இது' என்று கையைத் தள்ள வேண்டும். நீட்டியவர் மறுபடியும் நீட்ட வேண்டும். தள்ளியவர் 'இதெல்லாம் எதுக்குங்க' என்று இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தள்ள வேண்டும். மூன்றாவது முறை வலுக்கட்டாயமாகச் சட்டைப் பைக்குள் திணிக்கப்படும். வாங்கியவர் பையைக் குனிந்து பார்க்காமல் பேச்சை மாற்றுவார். இரண்டு பேருக்கும் மரியாதை கெடாமல் காரியம் முடியும்.

பக்கீர் முகமது தன் பங்கை ஒழுங்காகச் செய்தார்.

"அட, என்ன சார் இது? காசா பெருசு? மனுஷங்கதான் சார் முக்கியம். வேணவே வேணாம்."

சவுரிமுத்து இருபத்தெட்டு வருடம் ஆய்வகத்தில் இருந்தவர். ஒரு தடவை அளந்து வந்த விடையை மறுபடி அளந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"பெரிய மனசு பாய் உங்களுக்கு," என்று சொல்லித் தாள்களை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். பின் சீட்டில் பர்ஸைத் திறந்து வைத்திருந்த தபீதாளும் அதைச் சத்தம் வராமல் மூடினாள்.

அன்று முழுக்கப் பக்கீர் முகமதுவுக்குச் சோறு இறங்கவில்லை. 'வேணாம்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். 'வேணவே' என்பதை யார் சேர்க்கச் சொன்னது?

வீட்டில் இன்னொரு சிக்கல். சம்பளம் வந்த அன்றே முழுதாக மனைவி அக்தர் பேகத்தின் கைக்குப் போய்விடும். அதிலிருந்து பெட்ரோலுக்கென்று நாலாயிரம் எடுத்துக் கொடுப்பாள். கார் வாங்கியபோது பேசி முடித்த தொகை. விலை ஏறியது, அவள் ஏறவில்லை. கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கத் தெருக்கோடிவரை தள்ளுவண்டியோடு நடந்துபோகிறவளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? பக்கீர் முகமது கேன்டீன் டீயை நிறுத்தினார். பஜ்ஜியை நிறுத்தினார். முடி வெட்டுவதைத் தள்ளிப்போட்டார். அப்படியும் இருபதாம் தேதி வந்தால் நூறு ரூபாய்க்குப் போடும்மாதான்.

இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் காரை விற்றுவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். வாங்குவதற்கு ஆள் தயார். அக்தர் பேகத்தின் தம்பி மொஹ்சின், மேற்குத் தாம்பரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன், வரும்போதெல்லாம் காரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வருவான்.

"சொல்லுங்க மச்சான், எப்ப குடுக்கறீங்க? பணம் ரெடியா இருக்கு."

"பாக்கலாம் மச்சான்," என்பார் இவர்.

பங்க்கில் முனியம்மா மானத்தை வாங்கிய அன்று, ஜாடையாகச் சொல்லிப் பார்ப்பது என்று தீர்மானித்தார்.

"பாத்தீங்களா சார், இன்னிக்கு மறுபடியும் ஏறிடுச்சு," என்று தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது ஆரம்பித்தார்.

"இன்னா பாய் ஏறிச்சு?"

"பெட்ரோல்."

"அநியாயம் பாய்." சவுரிமுத்து பேப்பரை மடித்தார். "இது ஏன் ஏறுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று இவர் சொல்வதற்குள் கச்சா எண்ணெய் கிளம்பிவிட்டது. பெருங்களத்தூரில் டாலர் வந்தது. வண்டலூரில் கப்பல்கள் வளைகுடாவில் மாட்டிக்கொண்டன. கூடுவாஞ்சேரியில்தான் சவுரிமுத்து மூச்சுவிட்டார். பக்கீர் முகமது அந்த இடைவெளியில் புகுந்தார்.

"எது எப்படியோ சார், ஒரே ஒரு மனுஷன் தனியா இத எப்படித் தாங்கறதுன்னுதான் தெரியல." 'தனியா' என்பதை நன்றாக அழுத்தினார்.

"கரெக்ட்டுண்ணா," என்றாள் தபீதாள், நெகிழ்ந்த குரலில். "தனியா வண்டி ஓட்டறவங்க நெலமைய நெனச்சா பாவமாத்தான் இருக்கு. நம்ம ஆபீஸ் உதயா இருக்கானே, செம்பாக்கத்துலேர்ந்து தெனமும் பைக்குல வரான். சின்னப் பையன், என்னண்ணா சம்பளம் அவனுக்கு? பெட்ரோலுக்கே போயிடும்."

"இட்டுகினு வாங்க அவனையும்," என்றார் சவுரிமுத்து. "ஒரு சீட்டுக்கு மேலயே காலியாத்தானே கீது."

மறுநாள் காலை செம்பாக்கத்தில் உதயா சாலையோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். செம்பாக்கம், பக்கீர் முகமது போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்ப்பக்கம்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நேத்து நீங்க பெட்ரோல் விலையப் பத்திப் பேசினத அக்கா சொன்னாங்க. அப்பதான் எனக்கே புத்தி வந்துச்சு."

ஜாடை பேசியதற்குக் கிடைத்த பலன், தினமும் கூடுதலாக நாலு கிலோமீட்டர்.

அன்று மாலை அக்தர் பேகத்திடம் கொட்டித் தீர்த்தார். அவள் புது மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். சீட்டு எடுத்து வாங்கியதாம்.

"மூணு பேரு பேகம். ஒருத்தர் வாயிலேர்ந்தாவது 'பெட்ரோலுக்கு இந்தாங்க'ன்னு ஒரு வார்த்தை வருதா? நாளைக்கே சொல்லிடப் போறேன், இடமில்லைன்னு."

மிக்ஸி நின்றது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. போற வண்டிதானே? நாலு பேருக்கு உதவியா இருந்தா அல்லாஹ் நமக்கு ஒண்ணுக்குப் பத்தா குடுப்பான்."

பக்கீர் முகமது அவளை ஏற இறங்கப் பார்த்தார். கொத்தமல்லிக்கு ஐந்து ரூபாய் குறைப்பவளா இதைச் சொல்வது? வயதானால் மனசு இளகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தன்னுடைய மனசு மட்டும் இளக மறுப்பதை எண்ணிக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் வெட்கத்தை ஊற்றினால் வண்டி ஓடாது.

அடுத்த நாள் ஏசியின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏசி இல்லாவிட்டால் பெட்ரோல் மிச்சம். அதோடு, வேர்த்து விறுவிறுத்து இரண்டு பேராவது கழன்றுகொள்வார்கள்.

"ஏசி போச்சு சார்," என்றார், முடிந்த அளவு சோகமாக. "சரி பண்ணணும்னா நெறைய ஆகுமாம்."

பெருங்களத்தூர் வருவதற்குள் தபீதாள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். வண்டலூர் சிக்னலில் உதயா போனில் ஏதோ வீடியோ பார்த்தான். பிறகு பின்னாலிருந்து எக்கி ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டான்.

"சார், ஒண்ணுமே இல்ல சார். ஃபியூஸ்தான் காணோம்."

"காணோமா? அது எங்க போகும்?" என்றார் பக்கீர் முகமது. கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

கூடுவாஞ்சேரியில் நிறுத்தச் சொல்லி, உதயா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடி ஃபியூஸ் வாங்கிவந்து மாட்டினான். ஏசி முன்னைவிட ஜில்லென்று வீசியது.

"இருபது ரூபாதான் சார். பரவால்ல, இருக்கட்டும்."

"சேச்சே, நீ எதுக்குப்பா குடுக்கணும்? இந்தா, வச்சிக்க," என்று பக்கீர் முகமது முறைப்படி ஒரு இருபது ரூபாயை நீட்டினார். அவன் முறைப்படி மறுக்க வேண்டும்.

உதயா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் கூட வைங்கண்ணா," என்றாள் தபீதாள். பணத்தை அல்ல, ஏசியை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவருக்கு வேறொரு யோசனை தோன்றியது. யாரையும் கழற்றிவிட வேண்டாம். தானே கழன்றுகொண்டால் போதும்.

"நாளையிலேர்ந்து ஸ்டோர்ல ஸ்டாக் எடுக்கறோம்," என்று மூவரிடமும் சொன்னார். "ஏழு மணிக்கெல்லாம் நான் கெளம்பியாகணும். நீங்க அவ்வளவு சீக்கிரம் எப்படி வருவீங்க? சிரமம். கொஞ்ச நாளைக்கு நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்கங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதெப்படிண்ணா?" என்றாள் தபீதாள். "நீங்களே ஏழு மணிக்குக் கெளம்பறப்ப நாங்க வர மாட்டமா? எனக்கும் நல்லதாப் போச்சு. என் அக்கா பொண்ண அந்நேரத்துல பெருங்களத்தூர் ட்யூஷன்ல விட்டுடலாம்."

"எனக்கு மார்க்கெட்டு வேல கீது," என்றார் சவுரிமுத்து. "ஏழு மணிக்குத்தான் காய் ஃப்ரெஷ்ஷா கெடைக்கும். பத்து நிமிஷம் தாம்பரத்துல நிறுத்துனா போதும் பாய்."

மறுநாள் ஏழு மணிக்குக் காரில் மூன்று பேரோடு ட்யூஷன் பெண்ணும் இருந்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் பத்து நிமிஷம் என்பது நாற்பது நிமிஷமாயிற்று. இன்ஜினை அணைத்தால் ஏசி நிற்கிறதென்று தபீதாள் சொன்னதால் இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கியில் முருங்கைக்காய்க் கட்டு, ஒரு பூசணிக்காய். அதோடு அக்தர் பேகம் விடிகாலையில் எழுந்து ஃபிளாஸ்க் நிறைய டீயும் நாலு தம்ளரும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"வெறும் வயித்தோட வருவாங்க பாவம். குடுத்துட்டு நீங்களும் குடிங்க," என்று சொல்லியிருந்தாள்.

"பேகம் அக்கா கை டீன்னா டீதான்," என்றாள் தபீதாள், இரண்டாவது தம்ளரை ஊதியபடி.

"நாளைக்கு இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியா போடச் சொல்லுங்க பாய்," என்றார் சவுரிமுத்து. ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார். இவர்களுக்கெல்லாம் எங்கிருந்து இந்த உரிமை வருகிறது என்று பக்கீர் முகமதுவுக்குப் புரியவில்லை. ஓசியில் வருகிறவன் ஒண்டிக்கொண்டல்லவா வர வேண்டும்? கல்லூரிக்குள் நுழையும்போது பெட்ரோல் முள் சிவப்புக்குள் படுத்துவிட்டது. ஸ்டாக் எடுக்கும் வேலை எதுவும் இல்லாததால், எட்டரையிலிருந்து ஒன்பது மணிவரை பூட்டிய ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சாக்பீஸ் டப்பாக்களின் எண்ணிக்கையைப் பற்றி யோசித்தார்.

அந்த ஒரு நாளோடு ஸ்டாக்கை முடித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை துணிந்து ஒரு பொய் சொன்னார்.

"கிளட்ச் போயிடுச்சு சார். வண்டி நகரவே மாட்டேங்குது. சரி பண்ண எத்தனை நாள் ஆகும்னே தெரியல."

"இப்புடி திடீர்னு சொன்னா எப்புடி பாய்?" என்றார் சவுரிமுத்து போனில். அந்தக் குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது.

பக்கீர் முகமது காரை உறை போட்டு மூடிவிட்டு ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய் ரயிலுக்கு நின்றார். பழைய பிளாட்பாரம். பழைய முதுகுப் பைகள். செலவு என்று பார்த்தால் ஒரு டீக்காசு. ஆனால் மூக்கில் முதல் பை இடித்தவுடன் நெஞ்சு கனத்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவே யாரோ தோளைத் தட்டினார்கள்.

மூவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு ரெண்டு நாள்னா நாங்க பொறுத்துக்கறோம் பாய்," என்றார் சவுரிமுத்து. "ஆனா சீக்கிரம் ரெடி பண்ணிடுங்க."

"ஆமாண்ணா. இன்னும் மாசம் முடியல, அதுக்குள்ள இப்படி ஆகிப்போச்சே," என்று தபீதாள் அங்கலாய்த்தாள்.

பொறுத்துக்கொள்கிறார்களாம். பக்கீர் முகமதுவுக்குக் காதிலிருந்து புகை வராத குறை. பொத்தேரி வரும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மாலை வீடு திரும்பியபோது காரின் உறை கீழே கிடந்தது. பானெட் திறந்திருந்தது. பட்டு என்கிற மெக்கானிக் காருக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"நான்தான் கூட்டியாந்தேன்," என்றாள் அக்தர் பேகம். அவள் முகம் வாடியிருந்தது. "வண்டி ஒரு நாள் நின்னாலும் அவங்க மூணு பேரும் பாவம் என்ன பண்ணுவாங்க? செலவப் பத்திக் கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறியா?"

"ஏன், என்கிட்ட இருக்காதா?"

பட்டு வெளியே வந்து கையைத் துடைத்தான். "கிளட்ச்சுல ஒண்ணும் இல்ல பாய். சும்மா கீதேன்னு கார்புரேட்டர், பிளக்கு எல்லாத்தையும் கயட்டி மாட்டிட்டேன். இப்ப பாருங்க, சும்மா பறக்கும்."

அந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. அவன் எதைக் கழற்றி எதை மாட்டினானோ, அன்றிலிருந்து கார் முன்பைவிட ஒன்றரை மடங்கு குடித்தது. அக்தர் பேகம் ஆயிரத்து இருநூறு ரூபாயைப் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள்.

பேரம் பேசாமல். தன் கார் ஆசைக்காக அவள் சிறுகச் சிறுகச் சேர்த்ததையெல்லாம் இறைக்கிறாள் என்று பக்கீர் முகமதுவுக்குத் தோன்றியது. இருபத்தாறு வருடம் கூடவே வாழ்ந்தும் இவளைப் புரிந்துகொள்ளவில்லையே என்று தன் மீதே கோபம் வந்தது. இனிமேலும் இவளைச் செலவழிக்க விடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை. காரை விற்றுவிட வேண்டியதுதான். ஆனால் சொன்னால் விடமாட்டாள். ஒருமுறை பேச்சை எடுத்ததற்கே, "என் தம்பியே கேட்டாலும் குடுக்கக் கூடாது. அந்த மூணு பேரையும் நடு ரோட்டுல விட்டுடுவீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள்.

ஞாயிற்றுக்கிழமை அக்தர் பேகம் பல்லாவரத்தில் தங்கை மகளின் மருதாணி விசேஷத்துக்குப் போயிருந்தாள். அவள் பஸ் ஏறியதும் பக்கீர் முகமது மொஹ்சினுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் அவன் வந்து நின்றான்.

"நெஜமாத்தான் சொல்றீங்களா மச்சான்? அக்காவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கறேன். அவ நல்லதுக்குத்தான் பண்றேன்."

"அப்ப இந்தாங்க." மொஹ்சின் ஒரு கட்டை நீட்டினான். "இது பாதி. மீதி பேப்பர் மாத்தறன்னிக்கு."

இந்த ஒரு தடவை பக்கீர் முகமது மறுக்கவில்லை. வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்ததைப் பல்லைக் கடித்து உள்ளேயே தள்ளினார். பிறகு துணியை எடுத்து டாஷ்போர்டைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். டிக்கியில் ஒதுங்கியிருந்த ஒரு முருங்கைக்காயை எடுத்து வெளியே போட்டார். இன்னும் துடைப்பதற்கு எதுவும் இல்லை என்று ஆனபின் சாவியைக் கொடுத்தார்.

"பள்ளத்துல பாத்து எறக்கு. அடி தட்டும்," என்றார்.

வெள்ளைக் கார் தெருமுனை திரும்பி மறைந்தது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். துக்கம் பொங்கியது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. நாளை காலை கேம்ப் ரோட்டில் தபீதாள் நிற்பாள், சேலையூரில் சவுரிமுத்து நிற்பார், செம்பாக்கத்தில் உதயா கைகட்டி நிற்பான். நிற்கட்டும். ஒரு ரூபாய் கொடுக்காமல் ஊரான் காரில் ஊர்வலம் போனவர்கள் கொஞ்சம் வெயிலும் காயட்டும்.

"சார், பக்கீர் பாய் வூடு இதானே?"

தோளில் பையோடு ஓர் இளைஞன் நின்றிருந்தான். பார்த்த முகமாக இருந்தது. கல்லூரிக்குப் போன வாரம் புதிதாக வந்திருந்த எலக்ட்ரீஷியன், வெற்றிவேல்.

"ஆமா. என்னப்பா?"

"நான் இங்கதான் சார், பக்கத்துத் தெருவுலதான் குடியிருக்கேன். அக்கா இல்லீங்களா?"

"வெளிய போயிருக்கா. என்கிட்டயே சொல்லு."

வெற்றிவேல் தயங்கினான். "இல்ல சார், சவுரிமுத்து சார் சொன்னாரு, எதுவா இருந்தாலும் அக்காகிட்டதான் பேசணும், உங்க காதுல போடவே கூடாது, நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு. நாளைக்குக் காலைல வண்டி எத்தினி மணிக்கு எடுப்பீங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும் சார்."

நாலாவது ஆளையும் சேர்த்துவிட்டார் சவுரிமுத்து. பக்கீர் முகமதுவுக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக ருசித்துச் சொன்னார்.

"இனிமே வண்டி கெடையாது தம்பி. வித்தாச்சு. இப்பதான் போகுது."

வெற்றிவேலின் முகம் தொங்கிவிட்டது. தெருமுனையைப் பார்த்தான். காலியான கார் ஷெட்டைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"வித்துட்டீங்களா? இன்னா சார் இது, நடு சீட்டுதான் காலியா கீதுன்னு சொல்லியே, மத்த மூணு பேரும் மாசாமாசம் குடுக்கற அதே ரெண்டாயிரத்த நேத்து தெருமுனைல வச்சி அக்கா என்கிட்டயும் வாங்கினாங்களே?"